ஒரு நாளைக்கு எத்தனை ‘தக்காளி’?

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘நேர நிர்வாகம்’ பற்றிப் பேசுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். அது ஒரு கடல். எனக்குக் கொடுத்திருப்பதோ கால் மணி நேரம். அதனால் கடலை விட்டுவிட்டு, ஒரு தக்காளியைப் பற்றி மட்டும் பேசலாம் என்று வந்திருக்கிறேன். (சிரிப்பு)

1980களின் பிற்பகுதியில், ரோம் நகரத்தில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்று ஒரு கல்லூரி மாணவர். பரீட்சை வருகிறது, புத்தகத்தைத் திறந்தால் மனம் நிற்கவில்லை. நம்ம ஹாஸ்டல் கதைதான்! அவர் தனக்குத்தானே ஒரு பந்தயம் கட்டினார். “பத்து நிமிஷம், வெறும் பத்து நிமிஷம், உண்மையாகவே உன்னால் படிக்க முடியுமா?” நேரம் பார்க்க ஒரு சமையலறை டைமரை எடுத்து வைத்துக்கொண்டார். முறுக்கிவிட்டால் டிக் டிக் என்று ஓடி மணியடிக்கும் பொம்மைக் கடிகாரம். அது தக்காளி வடிவத்தில் இருந்தது. இத்தாலிய மொழியில் தக்காளிக்குப் ‘பொமொடோரோ’ என்று பெயர். இன்று உலகம் முழுக்கப் ‘பொமொடோரோ முறை’ என்று சொல்கிறார்களே, அது பிறந்த கதை இதுதான். ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பத்து நிமிடப் பந்தயத்தில் அவர் உடனே ஜெயித்துவிடவில்லை. பல முறை முயன்ற பிறகுதான் கைகூடியது.

முறை மிக எளிது. காலையில் அன்றைக்குச் செய்ய வேண்டிய வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஒன்றை மட்டும் எடுங்கள். டைமரை 25 நிமிடத்துக்கு வையுங்கள். மணி அடிக்கும் வரை அந்த ஒரு வேலை மட்டும். மணி அடித்ததும் தாளில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு, 5 நிமிடம் ஓய்வு. இப்படி நான்கு முடிந்தால் 15 முதல் 30 நிமிடம் வரை பெரிய ஓய்வு. அரைத் தக்காளி, கால் தக்காளி என்பதெல்லாம் கிடையாது. நடுவில் எழுந்து போனால் அது கணக்கில் சேராது, மறுபடி முதலிலிருந்துதான்.

25 நிமிடம் என்றதும் இங்கே பெரியவர்கள் சிலருக்கு நாழிகை ஞாபகம் வந்திருக்கும். ஒரு நாழிகை 24 நிமிடம். நாளொன்றுக்கு 60 நாழிகை. அடியில் சிறு துளை போட்ட கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அது நிரம்பி மூழ்கும் நேரத்தை வைத்து அளந்திருக்கிறார்கள். உடனே, “எல்லாம் நம்ம முன்னோர் அப்பவே கண்டுபிடிச்சது” என்று கிளம்பிவிட வேண்டாம். அவர்கள் அளந்தது பொழுதை. இங்கே நாம் அளப்பது நம் கவனத்தை. ஆனால் ஒரு தமிழனுக்குப் புரியும்படி சொல்ல வேண்டுமானால், “ஒரு நாழிகை ஒரே வேலை” என்று தாராளமாகச் சொல்லலாம்.

இப்படிப் பிரித்துக்கொள்வதால் என்ன லாபம்? இரண்டாம் உலகப் போரில் ராடார் திரையைப் பார்த்துக்கொண்டே இருக்கும் வீரர்கள் நேரம் ஆக ஆகக் கோட்டைவிடுவது ஏன் என்று நார்மன் மேக்வொர்த் என்ற உளவியல் அறிஞர் ஆராய்ந்தார். 1948இல் வெளியிட்டார். கடிகார முள் போல ஒன்று ஓடும், அது எப்போதாவது இரட்டைத் தாவு தாவும், அதைக் கண்டுபிடிக்க வேண்டும். முதல் அரை மணி நேரம் கழிந்ததுமே தவறவிடுவது கூடிவிட்டது. அந்த வேலை வேறு, நம் வேலை வேறுதான். ஆனாலும் கவனம் என்பது குழாய்த் தண்ணீர் போலக் கொட்டிக்கொண்டே இருக்காது என்பது அதில் தெரிகிறது. 2009இல் சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் இன்னொன்றைக் காட்டினார். ஒரு வேலையைப் பாதியில் விட்டு அடுத்ததற்குத் தாவினால், மனதின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது, புது வேலை சுமாராகத்தான் நடக்கிறது.

நான் தணிக்கைத் தொழிலில் இருப்பவன். எங்கள் ஆபீசில் ஒவ்வொரு மாதமும் ஜி.எஸ்.டி. கணக்குக் காட்டும் 20ஆம் தேதி நெருங்கினால், போன் நிற்காமல் அடிக்கும். ‘இந்தத் தக்காளியெல்லாம் ரோமாபுரியில் சரி, இங்கே நடக்குமா?’ என்ற கேள்வி நியாயமானதுதான். சிரில்லோ அதற்கும் வழி சொல்கிறார். தொந்தரவு இரண்டு வகை. வெளியிலிருந்து வருவது ஒன்று. நம் மனசே பண்ணுவது இன்னொன்று.

வெளியிலிருந்து வந்தால் நான்கு படி: நிலைமையைச் சொல்லு, வேறு நேரம் பேசி முடிவு செய், எழுதி வை, சொன்னபடி திரும்பக் கூப்பிடு. “சார், ஒரு பாலன்ஸ் ஷீட்டில் இருக்கேன், இன்னும் இருபது நிமிஷத்தில் நானே கூப்பிடுறேன்.” இதற்குக் கோபித்துக்கொள்ளும் கட்சிக்காரர்கள் மிகக் குறைவு. ஆனால் நான்காவது படியை விட்டுவிட்டால் இதற்குப் பெயர் வேறு, தட்டிக்கழிப்பது!

மனசு பண்ணும் தொந்தரவுதான் அதிகம். ‘கரண்ட் பில் கட்டினோமா?’, ‘ஒரு காபி சாப்பிட்டால் என்ன?’, ‘போனில் யார் என்ன அனுப்பியிருக்காங்க?’ இப்படித் தோன்றும்போதெல்லாம் தாளில் ஒரு சின்னக் கோடு போடுங்கள். விஷயத்தை ஓரத்தில் எழுதுங்கள். வேலையைத் தொடருங்கள். முதல் நாள் அந்தக் கோடுகளை எண்ணிப் பார்த்தால் நமக்கே சிரிப்பு வரும்.

அடுத்து, அந்த 5 நிமிட ஓய்வு. பலர் அதைத்தான் வீணடிக்கிறார்கள். மணி அடித்ததும் செல்போனை எடுக்கிறார்கள். அது ஓய்வு இல்லை, இன்னொரு வேலை. எழுந்து நில்லுங்கள், தண்ணீர் குடியுங்கள், வராந்தாவில் நான்கு எட்டு நடந்துவிட்டு வாருங்கள். ‘நல்லா ஓடிக்கிட்டிருக்கே, எதுக்கு நிறுத்தணும்?’ என்று தோன்றும். பரவாயில்லை, நிறுத்துங்கள். அடுத்ததையும் அதற்கடுத்ததையும் காப்பாற்றுவது அந்த ஐந்து நிமிடம்தான்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். இந்த முறை அதிக வேலை வாங்கும் சாட்டை என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் இது ஒரு தராசு. எங்களிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளையிடம், “இந்த வங்கிக் கணக்கைச் சரிபார்க்க எத்தனை தக்காளி ஆகும்?” என்று கேட்டால் “மூணு சார்” என்று வரும். முடிக்கும்போது தாளில் ஏழு குறி இருக்கும். அந்தப் பிள்ளை மந்தம் என்று அர்த்தமில்லை. அந்த வேலைக்கு ஏழு வேண்டும், அவ்வளவுதான். அடுத்த முறை ஏழு என்றே திட்டமிடலாம். எட்டு மணி நேர ஆபீசில் பதினாறு தக்காளி காய்க்கும் என்று எண்ணவே எண்ணாதீர்கள். எங்கள் ஆபீசில் நல்ல நாளில் எட்டு, ஒன்பது. மீதி நேரம் போனுக்கும் ஆட்களுக்கும் போய்விடும். இந்த உண்மை தெரிந்தவர், பதினைந்து தக்காளி வேலையை ‘நாளைக்கே தர்றேன்’ என்று ஒப்புக்கொள்ள மாட்டார். ஒன்பது முடிந்ததும் மனசாட்சி உறுத்தாமல் பூட்டைப் பூட்டிக்கொண்டு, பிள்ளைகள் தூங்குவதற்கு முன் வீடு போய்ச் சேருவார்.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு இது இன்னும் முக்கியம். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் “பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன், ஒண்ணுமே ஏறலை” என்கிறார்கள். பிறகு, ‘எனக்கு மூளை இல்லை’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அய்யா, உட்கார்ந்தது பன்னிரண்டு மணி நேரம். படித்தது எத்தனை நாழிகை? அதை எண்ணியதுண்டா? மூன்று என்று தெரிந்தால், நாளை நான்கு ஆக்க வழி உண்டு. ‘மூளை இல்லை’ என்பதற்கு ஒரு வழியும் கிடையாது. அப்படி ஒரு தீர்ப்பை எழுதிக்கொள்ளும் முன் ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

இது எல்லாருக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். மருத்துவமனை வார்டில் இருக்கும் நர்ஸ், கடைக் கல்லாவில் இருப்பவர், கைக்குழந்தை வைத்திருக்கும் தாய், இவர்களிடம் போய், ‘25 நிமிஷம் யாரையும் கவனிக்காதே’ என்றால் அடிக்க வருவார்கள். கணக்கிலோ எழுத்திலோ ஆழ்ந்து போய்விட்ட சிலருக்கு நடுவில் மணி அடிப்பதே இடைஞ்சல். 25 ஒத்துவராவிட்டால் 15 வையுங்கள், 40 வையுங்கள். எண்ணிக்கை சாஸ்திரம் இல்லை. ஒரே வேலை, நடுவில் தாவாமை, நிஜமான ஓய்வு, நேர்மையான கணக்கு, இந்த நான்கும் இருந்தால் போதும்.

இதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம். தக்காளி டைமரும் வேண்டாம். ஒரு தாள், ஒரு பேனா, வீட்டில் இருக்கும் அலாரம் கடிகாரம். செல்போனில்தான் நேரம் வைக்க வேண்டும் என்றால், வைத்ததும் அதைக் குப்புறக் கவிழ்த்துக் கை எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள். நாளைக் காலையில், நெடுநாளாகத் தள்ளிப்போடும் ஒரு வேலையை எடுத்து, முதலில் அந்தப் பத்து நிமிடப் பந்தயத்தைக் கட்டிப் பாருங்கள். தோற்றால் மறுநாள் மறுபடி கட்டுங்கள்.