குரல்கள் மறையலாம், சொற்கள் மறையலாகாது!

(மணியாச்சியில் தமிழன்பர்கள் கூட்டிய நினைவேந்தல் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2021, 2022 ஆகிய ஈராண்டுகளில், அஃதாவது திருவள்ளுவராண்டு 2052, 2053-இல், நம் செவியிலும் உள்ளத்திலும் வாழ்ந்த கலைஞர் பலரை இழந்தோம். அவருள் மூவரை மட்டும் இங்கு நினைவுகூர விழைகின்றேன்: நகைச்சுவை நடிகர் விவேக்கு, நடிகர் நெல்லை சிவா, செய்தி வாசித்த சரோசு நாராயணசாமி அம்மையார்.

திரைக் கலைஞர்க்கும் ஒலிபரப்பாளர்க்கும் தனித்தமிழ் மேடையில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். அவர்களை நான் ஒன்று கேட்கின்றேன். ‘அபேட்சகர்’ எப்படி வேட்பாளர் ஆனார்? ‘காரியதரிசி’ எப்படிச் செயலாளர் ஆனார்? ‘அக்கிராசனர்’ எப்படித் தலைவர் ஆனார்? சொல்லை ஆக்கித் தந்தவர்கள் அறிஞர்கள், மறுப்பில்லை. ஆனால், அச்சொல்லைக் கரிசற்காட்டு உழவனின் வாயில் கொண்டுவந்து சேர்த்தவை மேடையும் இதழும் வானொலியுமே! 1963-இல் தொடங்கிய நெல்லை வானொலி நிலையமும், கடல் கடந்து வந்த இலங்கை வானொலியும் எழுத்தறியாத நம் தாய்மார்க்குப் பள்ளிக்கூடங்களாக விளங்கின. தீப்பெட்டிக்குப் பெட்டி ஒட்டிக்கொண்டே அவர்கள் கேட்ட சொல், அவர்தம் சொல்லே ஆயிற்று.

அத்தகைய பள்ளியின் ஆசிரியருள் ஒருவர் சரோசு நாராயணசாமி அம்மையார். தில்லியிலிருந்து ஏறத்தாழ 35 ஆண்டுகள் தமிழில் செய்தி வாசித்தவர். 2022 ஆகத்து 13-இல் மும்பையில் தம் 87-ஆம் அகவையில் மறைந்தார். தமிழ்நாட்டுக்கு வெளியே வாழ்ந்தும், ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழ, மிடுக்குடன் ஒலித்தவர். அவர் செய்தியின் முதற்சொல் ‘ஆகாசவாணி’. அச்சொல் அவர் தேர்ந்ததன்று, தில்லி தந்தது. அதன்பின் வந்த ஒலிப்பின் செம்மையோ அவர் உழைப்பால் வந்தது! 2023 மே திங்களில், வானொலியை இனி எங்கும் ‘ஆகாசவாணி’ என்றே சொல்லவேண்டும் என்று ஆணை பிறந்தபோது தமிழ்நாடு எதிர்த்து எழுந்தது. ஏன்? ‘வானொலி’ என்னும் சொல் அதற்குள் மக்கள் நாவில் வேர்கொண்டுவிட்டது. வேர்கொண்ட சொல்லை ஆணையால் பிடுங்கிவிட முடியுமா?

அடுத்து விவேக்கு. நம் கோவில்பட்டி வட்டாரம் ஈன்ற மகன். தலைமைச் செயலகத்தில் பணியாற்றி, 1987-இல் திரைக்கு வந்தார். 2021 ஏப்பிரல் 17-இல் 59 அகவையில் மறைந்தார். அவர் பேச்சில் ஆங்கிலம் மிகக் கலந்தது. அதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. எனினும், குருட்டு நம்பிக்கையையும் கையூட்டையும் சிரிக்கச் சிரிக்கச் சாடினார். அதனால் மக்கள் அவரைச் ‘சின்னக் கலைவாணர்’ என்றனர். அப்துல் கலாம் அவர்களின் தூண்டுதலால் 33 நூறாயிரத்துக்கும் மேற்பட்ட மரக்கன்றுகளை நடச்செய்தார். மழை பொய்க்கும் கரிசல் மண்ணில் பிறந்தவர்க்கு மர நிழலின் அருமையைச் சொல்லவா வேண்டும்?

அவர் மறைந்து ஒரு திங்களும் ஆகாமுன், மே 11-இல் நெல்லை சிவா மறைந்தார். 1985-இல் திரைக்கு வந்த அவர், நெல்லைப் பேச்சைச் சற்றும் மாற்றிக்கொள்ளவில்லை. கிணறு காணவில்லை என்னும் முறையீட்டைக் கேட்டுத் திகைக்கும் காவல் ஆய்வாளராக அவரைத் தமிழுலகம் அறியும். ‘நம் பேச்சு மேடைக்கு ஒவ்வாதது’ என்று நாணிய தெற்கத்தி இளைஞர்க்கு அவர் நாணம் போக்கினார். அவர் மறைந்த ஆறாம் நாள், 1982-இலேயே கரிசல் வட்டாரச் சொற்களை அகரமுதலியாகத் தொகுத்தளித்த இடைசெவல் கி. இராசநாராயணன் அவர்களும் மறைந்தார்.

இங்கே நம்மவர்க்கும் ஒன்று சொல்வேன். வட்டார வழக்கு அனைத்தையும் கொச்சை என்று தள்ளாதீர்! ‘வெள்ளாமை’க்குள் வேளாண்மை இருக்கின்றது, ‘பிஞ்சை’க்குள் புன்செய் இருக்கின்றது. பாட்டியின் சொல்லுக்கு நாணுகின்ற நாக்குத்தான், நேற்று வந்த ஆங்கிலச் சொல்லைப் பெருமையாகப் பேசுகின்றது! இம் மணியாச்சியில் நெல்லைப் பாதையும் தூத்துக்குடிப் பாதையும் கூடுவதுபோல, அறிஞர் தமிழும் மக்கள் தமிழும் கூடவேண்டும். கூடுமிடம் ஒலிபரப்பும் திரையும் மேடையுமே.

ஆகவே, மறைந்தோர்க்கு மாலையிட்டுக் கலைவதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. ஊர்தோறும் முதியோர் பேச்சை ஒலிப்பதிவு செய்யுங்கள். ல, ழ, ள வேறுபாடு பிழையாமல் ஒலிக்க நம் சிறார்க்குக் கற்பியுங்கள். நல்ல குரலுடைய இளைஞரை ஒலிபரப்புத் துறைக்கு அனுப்புங்கள். வானொலி நிலையங்களின் பழைய பதிவுகளைக் காக்குமாறு அரசுகளை வலியுறுத்துங்கள். அம்மூவரும் விட்டுச் சென்ற இடம் வெற்றிடமாகுமாயின், அங்கே பிறமொழி வந்து குடியேறும். அதற்கு இடங்கொடோம்!

வாழ்க அவர்தம் புகழ்! வெல்க தமிழ்!