தோபா ஏரியின் மேட்டில்

(பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



காஞ்சிபுரத்திலிருந்து தெற்கே பாலாற்றைக் கடந்து சென்றால் மாமண்டூர்க் குன்று எதிர்ப்படும். பல்லவர் குடைந்த குகைக்கோயில்கள் அங்கு உள்ளன. குன்றின் மீது ஏறி நின்றால், சித்திரமேகத் தடாகம் என்று முன்னாளில் பெயர் பெற்றிருந்த ஏரி கண்முன் விரியும். கரை எது, மதகு எது, அம்மதகை நம்பி நெல் விளையும் வயல் எது என்று விரல் நீட்டிச் சொல்லிவிடலாம். மனிதர் மண் சுமந்து உண்டாக்கிய நீர்நிலை அது. காஞ்சி வட்டாரத்துக் கவிஞருக்கு ஏரி என்னும் சொல் பொருள் தருவது இக்காட்சியைக் கொண்டுதான்.

மனிதர் கைபடாது நெருப்பினால் தோண்டப்பட்ட ஏரியும் உலகில் உண்டு. சுமத்திராத் தீவின் வடபகுதியில் உள்ள தோபா ஏரி அத்தகையது. அவ்வேரியை உயரத்தில் நின்று காணும் தமிழர்க்கு இரண்டு சொற்கள் புதிதாக விளங்கும். ஒன்று எரிமலை, மற்றொன்று பல்லவர். இவ்விரண்டையும் தமிழ்க் கவிதை மிகுதியாக ஆண்டிருக்கிறது. ஆண்ட அளவுக்கு ஆராய்ந்திருக்கிறதா என்பதே இவ்வுரையின் வினா.

மேடான் நகரிலிருந்து பயணம் தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புகையிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற தமிழர் 1884இல் எழுப்பிய மாரியம்மன் கோயில் இன்றும் அந்நகரில் உள்ளது. அங்கிருந்து சாலை மலையேறிக் காரோ மேட்டுநிலத்தை அடைகிறது. முட்டைக்கோசும் ஆரஞ்சும் விளையும் குளிர்ந்த நிலம் அது. பெரஸ்தாகி, கபாஞ்சாகே, மெரெக் என்னும் ஊர்களைக் கடந்தபின், சமமாகச் சென்றுகொண்டிருந்த நிலம் திடீரென்று முடிந்துவிடுகிறது. விளிம்பின் அருகே சிபிசோபிசோ அருவி ஏறத்தாழ 120 மீட்டர் ஆழத்திற்கு ஒரே வீழ்ச்சியாக விழுகிறது. பிசோ என்றால் அம்மக்கள் மொழியில் கத்தி. கத்தியால் கீறியது போன்ற அவ்வெண்கோட்டுக்கு அப்பால், செங்குத்தான மலைச்சுவர்களுக்கு இடையே நீர் அசைவற்றுக் கிடக்கிறது. கரையில் தொங்கிங் என்னும் சிற்றூரின் கூரைகள் தீப்பெட்டிகளாகத் தெரிகின்றன. தெற்கே நீரும் மூடுபனியும் ஒன்றாகிவிடுகின்றன.

ஏரியின் நீளம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். காஞ்சியிலிருந்து சென்னைக்குள்ள தொலைவு அதனினும் குறைவு. அகலம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். ஆழம் 500 மீட்டரை எட்டுகிறது. நீர்மட்டமே கடலுக்கு மேல் 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. காண்பவர் முதலில் உணர்வது அமைதியையே. கவிஞராயின் அங்கேயே ஏட்டை எடுத்து எழுதத் தொடங்கலாம். அவ்வாறு எழுதப்படும் பாட்டு அழகாகவும் இருக்கலாம். ஆயினும் அது பாதிக் காட்சியின் பாட்டு.

ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் இவ்விடத்தில் பூமி வெடித்தது. வெளிப்பட்ட பாறைக்குழம்பின் அளவு 2,800 கன கிலோமீட்டர் என்பது பரவலாக வழங்கும் மதிப்பீடு. உலகையே அதிரவைத்த 1883ஆம் ஆண்டின் கிரக்கத்தோவா வெடிப்பு இதன் நூற்றில் ஒரு பங்கும் தேறாது. அடியில் இருந்த குழம்பு வெளியேறியதும், தாங்குவாரற்ற கூரை போல மேல்நிலம் உள்ளே சரிந்தது. சரிந்த பள்ளத்தில் மழைநீர் நிரம்பியது. அதன்பின் அடியிலிருந்து எழுந்த அழுத்தம் பள்ளத்தின் தரையை மீண்டும் உயர்த்தியது. அதுவே ஏரியின் நடுவிலுள்ள சமோசிர் தீவு. அத்தீவின் மேட்டுப்பகுதிகளில் பழைய ஏரிச்சேறு படிந்திருக்கிறது. ஒருகாலத்தில் நீருக்கடியில் கிடந்த மண்ணில் இன்று மக்கள் நெல் விளைவிக்கிறார்கள்.

தமிழகத்தில் உயிருள்ள எரிமலை இல்லை. ஐந்திணை வகுத்த முன்னோர் அதற்கு முதலும் கருவும் உரியும் வகுக்கவில்லை. எரிமலை என்னும் உருவகம் மேடை முழக்கத்தோடு சேர்ந்து இருபதாம் நூற்றாண்டுக் கவிதையில் பெருகியது. கோபம் என்றால் எரிமலை. புரட்சி என்றால் எரிமலை. காதலன் பெருமூச்சும் எரிமலை. தோபாவைக் கண்டவர் இவ்வுவமையைக் கையாளத் தயங்குவர். அங்கு எரிமலை முழங்கவில்லை. நீராக மௌனம் காக்கிறது. அதன் வாய்க்குள் மீன் பிடிக்கிறார்கள். பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்புகிறார்கள்.

எரிமலை அயல்நாட்டுச் செய்தி என்று தள்ளிவிடவும் இயலாது. தோபாவின் சாம்பல் வங்கக்கடலைக் கடந்து இந்தியாவில் வீழ்ந்தது. காஞ்சிக்கு வடமேற்கே முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவில், ஆந்திராவின் ஜுவாலாபுரத்தில் அச்சாம்பல் அடுக்காகக் கிடைக்கிறது. மைக்கேல் பெட்ராக்லியா, ரவி கோரிசெட்டர் முதலிய ஆய்வாளர் 2007இல் வெளியிட்ட முடிவின்படி, சாம்பலுக்குக் கீழும் மேலும் ஒத்த வகைக் கற்கருவிகள் அங்கு கிடைத்துள்ளன. வானம் இருண்டபின்னும் அங்கு மனித வாழ்வு தொடர்ந்திருக்கக்கூடும் என்பது அவர்கள் கருத்து. அறிஞரிடையே இதுபற்றி வாதம் ஓயவில்லை. ஆனால் அச்சாம்பலைத் தோண்டி எடுத்துத் துலக்கும் தூளுக்குப் பயன்படுத்தினார்கள் என்பது கவிஞர் கருதத்தக்க செய்தி. உலகை நடுக்கிய நெருப்பின் எச்சம் சமையலறைப் பாத்திரத்தைத் துலக்கியிருக்கிறது. இதனைவிடச் சிறந்த எரிமலைக் கவிதையை எந்த முழக்கமும் தந்துவிடாது.

அதே காரோ நிலத்தில் சினாபுங் மலை உள்ளது. பல நூற்றாண்டு உறங்கிய அது 2010 ஆகஸ்டில் விழித்தது. 2014 பிப்ரவரியில் அதன் அனல்மேகம் மனிதரைப் பலிகொண்டது. ஊர்கள் காலியாயின, உழவர் நிலத்தை விட்டு முகாம்களுக்குச் சென்றனர். அவர்களுக்கு எரிமலை உவமை அன்று. இழந்த வீட்டின் பெயர்.

ஏரி தோன்றிய வரலாறாக அம்மக்கள் ஒரு கதை சொல்லுவர். மீனவன் ஒருவன் பிடித்த பொன்மீன் பெண்ணாயிற்று. தன் பிறப்பை ஒருபோதும் வாய்விட்டுச் சொல்லலாகாது என்னும் உறுதியின் பேரில் அவள் அவனை மணந்தாள். ஒருநாள் மகன் மீது கொண்ட சினத்தில், மீனுக்குப் பிறந்தவனே என்று தந்தை ஏசினான். நிலம் பிளந்து நீர் பொங்கியது, ஊர் மூழ்கியது. நிலவியல் நெருப்பைக் காரணம் காட்டுகிறது. கதையோ, எண்ணாது உதிர்த்த ஒரு சொல்லைக் காரணம் காட்டுகிறது. சொல்லைத் தொழிலாகக் கொண்டவர்க்கு இரண்டாவது காரணமும் பொருளற்றதன்று.

இனி, இரண்டாவது சொல். ஏரிக்கு மேற்கே, கடற்கரையில் பாருஸ் என்னும் பழந்துறைமுகம் உண்டு. மலைக்காடுகளின் கற்பூரம் அங்கிருந்தே உலகெங்கும் சென்றது. அதன் அருகே லோபு துவாவில் 1873இல் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. அதன் காலம் சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088. கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் 1932இல் அதனை ஆராய்ந்து வெளியிட்டார், பின்னர் எ. சுப்பராயலு மீண்டும் படித்து விளக்கினார். திசையாயிரத்து ஐஞ்ஞூற்றுவர் என்னும் வணிகர் குழு அங்கே கூடி, மரக்கலத் தலைவரும் கலத்தோரும் கத்தூரியின் விலைக்கேற்பப் பொன் செலுத்திய பின்னரே விரித்த பாவாடையில் அடியிட வேண்டும் என்று முடிவு செய்தது என்பது அவர் விளக்கம். நெசவூராகிய காஞ்சிக்கு இச்செய்தி தனிச்சுவை தரும்.

மலைமேல் வாழும் காரோ மக்களிடையே செம்பிரிங் என்னும் குலம் உண்டு. அதன் கிளைப்பெயர்கள் சோலியா, பாண்டியா, மெலியாலா, பெலாவி. சோழர், பாண்டியர், மலையாளர் என்று செவி உடனே மொழிபெயர்க்கிறது. பெலாவி என்பது பல்லவரே என்று கூறினோரும் உளர். காஞ்சியில் பிறந்தவர்க்கு அப்பெயரைக் கேட்டதும் நெஞ்சு விம்மும். பல்லவர் கொடி தோபாக் கரையில் பறந்தது என்று பாட்டும் பிறக்கும்.

அப்பாட்டை எழுதுமுன் சற்று நிற்க வேண்டும். கல்வெட்டில் உள்ளவர் வணிகர், படையெடுத்தோர் அல்லர். காஞ்சியில் பல்லவர் ஆட்சி ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் முடிந்தது. கல்வெட்டோ ஏறத்தாழ இருநூறு ஆண்டு பிந்தியது. வணிகர் வழிவந்தோரா, வந்தோரிடம் பெயர் பெற்றோரா என்பதில் அறிஞர் ஒருமித்திலர். நான்கு பெயர்களுள் பல்லவத் தொடர்பே வலுவற்றது. அப்பெயரைத் தாங்கி வாழ்வோர் தம் மொழியும் முறையும் உடைய காரோ மக்கள். அவர்களைக் காஞ்சியின் வெற்றிச் சின்னமாகக் காட்டுவது, அவர்கள் வரலாற்றை அவர்களிடமிருந்து பறிப்பதாகும்.

பெருமை கொள்ள உறுதியான சான்று வேறொன்று உண்டு. அது எழுத்து. பத்தாக்கு மக்களின் பழைய எழுத்து பிராமி வழிவந்தது என்பதும், பல்லவ எழுத்தும் அதிலிருந்து கிளைத்த காவி எழுத்தும் அதன் முன்னோர் என்பதும் எழுத்தியலாரின் பொதுக்கருத்து. அவ்வெழுத்தில் மருத்துவமும் நிமித்தமும் எழுதி, மரப்பட்டையை மடித்துச் செய்த சுவடிக்குப் புஸ்தகா என்றே பெயர். பல்லவர் கால எழுத்தின் நிழல் கைகள் பல மாறி, வடிவம் பல திரிந்து, எரிமலை வாயின் விளிம்பில் வாழ்ந்தோரின் நோய்க்கு மருந்து சொல்லியிருக்கிறது. கொடி பறந்ததாகப் பாடுவதைவிட இது சிறிய செய்தியா?

மாமண்டூர்க் குன்றின் மேல் நிற்பவருக்கு ஏரியின் மதகு தெரியும். அதைக் கட்டியவர் கை தெரியாது. தோபாவின் மேட்டில் நிற்பவருக்கு நீர் தெரியும், நெருப்புத் தெரியாது. தெரியாததைக் கேட்டறிந்து, அறிந்த அளவே பாடுவது கவிஞர் கடன். பத்தாண்டு நிறைவுற்ற இவ்வட்டம் இனி அச்சிடும் கவிதைகளில், எரிமலை என்னும் சொல்லை எழுதும் கை ஒருகணமேனும் தயங்குமாயின், பல்லவர் என்னும் சொல்லுக்கு முன் ஒரு சான்று தேடப்படுமாயின், அதுவே இவ்விழாவின் பயன்.