மூலமும் உரையும்



இவ்வூர் மறைமலையடிகளின் பெயரைத் தாங்கியது. முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையில் அடிகள், சொற்களை இடம்பெயர்த்துக் கூட்டிப் பொருள் கண்ட நச்சினார்க்கினியரை மறுத்தார். மூலத்தின் போக்கிலேயே உரை செல்லவேண்டும் என்பது அவர் கொள்கை.

கணினி நிரலுக்கும் உரை உண்டு. 'கொ' என்று தட்டச்சிட்டால், ககரத்தின் இருபுறமும் கொம்பையும் காலையும் திரையில் சேர்த்துத் தருவது ஹார்ஃப்பஸ் போன்ற நிரலகம். சி மொழி நிரல்கள் அதனை அழைத்துப் பயன்கொள்ளலாம். உள்ளீடு யாது, விளைவு யாது, எப்பதிப்பில் வந்தது என்னும் குறிப்புகள் அதன் மூலநிரலுக்குள்ளேயே, அந்தந்தச் செயற்கூற்றின் மேலே எழுதப்பட்டுள்ளன. ஜிடிகே-டாக் என்னும் கருவி அவற்றைத் திரட்டிக் கையேடாக்கியது. 1997இல் வெளிவந்த டாக்சிஜனும் இப்பணியைச் செய்வதே.

உள்ளீட்டின் பெயர் மாறியும் குறிப்பு மாறாதிருந்தால் டாக்சிஜன் எச்சரிக்கும். பொருள் பிறழ்ந்தாலோ அஃது அறியாது. நிரல் திருந்தியபின் பழங்குறிப்பு நிலைத்துவிடின், கையேடு அழகாகவே அமையும், நம்பியவர் வழிதவறுவர்.

ஏடு பெயர்த்தெழுதியோர் கைப்பட்டு மூலமும் உரையும் வேறுபட்ட துயரத்தை நாம் அறிவோம். அருகில் இருப்பதனாலேயே உரை மெய்யாகிவிடாது. மூலத்தைத் தொடும் கையே உரையையும் திருத்தவேண்டும். நிரலர்க்கும் நமக்கும் இது பொது அறம்.