களத்துக்கு வெளியே நிற்பவர்

விளையாட்டைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் ஆடுவோரைப் பற்றியே பேசுகின்றோம். ஓட்டங்களைக் குவித்தவர் யார், விக்கட்டுகளைச் சாய்த்தவர் யார் என்பதே நம் பேச்சு. ஆனால், ஆடாமல் வெளியே நிற்கும் ஒருவரும் உளர். அவர் அணியின் முகாமையாளராகவோ பயிற்றுநராகவோ இருப்பார். பாரதப் போரிலே படைக்கலம் ஏந்தேன் என்று கூறிக் கடிவாளத்தை மட்டும் கையிற் பற்றிய கண்ணனது நிலை போன்றது அவர் நிலை. அத்தகையவர் அணிக்குத் தரக்கூடியது யாது? இவ்வினாவையே இன்று சிறிது ஆராய்வோம்.

அமெரிக்கரின் பேஸ்போல் ஆட்டத்திலே முகாமையாளர் ஆட்டக்காரரின் சீருடையையே அணிந்து களத்தருகே அமர்ந்திருப்பார். பந்தெறிபவரை எப்போது மாற்றுவது என்பதையும் அவரே தீர்மானிப்பார். கிரிக்கட்டில் அவ்வாறில்லை. ஆட்டம் தொடங்கியதும் ஆணை அணித் தலைவரின் கைக்குப் போய்விடும். ஆகவே, கிரிக்கட் அணியைப் பயிற்றுபவரின் பணி முதற் பந்து வீசப்படுவதற்கு முன்பே பெரிதும் முடிந்துவிடல் வேண்டும்.

1996ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியை எடுத்துக்கொள்வோம். அதன் தலைவர் அர்ஜுன ரணதுங்க. முகாமையாளர் துலீப் மெண்டிஸ். 1985இல் கொழும்பு சரவணமுத்து மைதானத்திலே இந்தியாவை வீழ்த்தி, இலங்கை தனது முதலாவது டெஸ்ட் வெற்றியைப் பெற்றபோது தலைமை தாங்கியவர் அவரே. பயிற்றுநர் டேவ் வட்மோர். கொழும்பிற் பிறந்து, சிறு வயதிலே அவுஸ்திரேலியா சென்று, அந்நாட்டுக்காக ஏழு டெஸ்ட் போட்டிகளில் ஆடியவர்.

வெளியே நிற்பவர் தரக்கூடியவற்றுள் முதலாவது, ஒவ்வொருவருக்கும் உரிய இடத்தைக் கண்டு கொடுத்தல். சனத் ஜயசூரிய முன்னாளிலே சுழற்பந்து வீச்சாளராகவும் கீழ்வரிசைத் துடுப்பாட்டக்காரராகவுமே கருதப்பட்டவர். களுவிதாரணவும் கீழ்வரிசையில் ஆடியவரே. முதற் பதினைந்து ஓவர்களில் வட்டத்துக்கு வெளியே இருவர் மட்டுமே காவல் நிற்கலாம் என்ற விதியை உணர்ந்து, அவ்விருவரையும் தொடக்கத்திலேயே இறக்கினர். தில்லியில் இந்தியாவுக்கு எதிராக முதல் மூன்று ஓவர்களில் 42 ஓட்டங்கள் கிடைத்தன. ஆட்கள் புதியவர் அல்லர். அவர்களுக்குக் கிடைத்த இடமே புதியது.

இரண்டாவது, தோல்வியச்சத்தை நீக்குதல். அடித்தாடு என்று ஏவிவிட்டு, ஆட்டமிழந்து வந்தவனைச் சினந்தால் மறுநாள் அவன் அடிக்க அஞ்சுவான். கல்கத்தாவில் நடந்த அரையிறுதியிலே முதல் ஓவரிலேயே அவ்விரு தொடக்க வீரர்களும் வெளியேறினர். அப்போது அணியின் கணக்கில் இருந்தது ஓர் ஓட்டமே. அடுத்து வந்த அரவிந்த டி சில்வா பதுங்கி ஆடினாரா? இல்லை. 47 பந்துகளில் 66 ஓட்டங்கள் அடித்தார். ஒரு திட்டம் ஒருநாள் பிழைத்தபோது அதனைக் கைவிடாதிருத்தலே அதில் நம்பிக்கை உண்டு என்பதற்குச் சான்று. மார்ச் 17ஆம் நாள் லாகூரில் நடந்த இறுதிப் போட்டியிலும் இதனையே கண்டோம். அதுவரை நிகழ்ந்த ஐந்து இறுதிப் போட்டிகளிலும் முதலில் துடுப்பெடுத்தாடிய அணியே வென்றிருந்தது. ரணதுங்கவோ நாணயச் சுழற்சியில் வென்றும் களத்தடுப்பைத் தெரிந்தார். அரவிந்தவின் ஆட்டமிழக்காத 107 ஓட்டங்களோடு ஏழு விக்கட்டுகளால் வெற்றி கிட்டியது.

மூன்றாவது, இடர் வந்தபோது உடன் நிற்றல். 1995 டிசம்பர் 26ஆம் நாள் மெல்பேணிலே முத்தையா முரளிதரனின் பந்துவீச்சு முறையற்றதென நடுவர் ஏழு முறை அறிவித்தார். முழங்கையை முற்றாக நீட்ட இயலாமை முரளிதரனுக்குப் பிறவியிலேயே அமைந்தது. அணி அவரை விலக்கிவிடவில்லை. மூன்று மாதங்களில் அவர் லாகூரில் உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் ஆடினார். 2010இல் காலியிலே 800ஆவது டெஸ்ட் விக்கட்டையும் வீழ்த்தினார். முடிவு தெரிந்தபின் தோளில் தட்டுவோர் பலர். முடிவு தெரியுமுன் உடன் நிற்போர் சிலரே.

இனி, போட்டி என்பதுதான் யாது? 1996 ஜனவரி 31ஆம் நாள் கொழும்பில் மத்திய வங்கியின் முன்னே குண்டு வெடித்துப் பலர் மாண்டனர். அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் இங்கு ஆட வரவில்லை. ஆனால், பெப்ரவரி 13ஆம் நாள் இந்தியரும் பாகிஸ்தானியரும் ஒரே அணியாகச் சேர்ந்து வந்து கொழும்பில் ஆடினர். ஒரு மாதம் கழித்து அந்த இந்திய அணியே இலங்கையிடம் தோற்றது. எதிரணி என்பது பகையணி அன்று. எதிரே நிற்க ஒருவர் வராவிடின் ஆட்டமே இல்லை.

அவ்வெற்றி நாட்டின் புண்ணை ஆற்றிவிட்டது என்று கூறுதல் மிகையாகும். போர் 2009 வரை நீண்டது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்ந்த தமிழர் அடையாள அட்டையைக் கையிலேந்திச் சோதனைச் சாவடிகளைக் கடந்துசென்ற காலம் அது. ஆயினும், பதினொருவருள் ஒருவரின் தமிழ்ப் பெயரைக் கேட்டபோது அவர்கள் உள்ளத்தில் எழுந்த உவகை பொய்யன்று. அடுத்த நாட் காலை அதே சாவடியில் நின்றபோது எழுந்த வேதனையும் பொய்யன்று. விளையாட்டு வெற்றி அரசியலின் கடமையைச் செய்யாது. ஒருவனது திறமையை மட்டும் நோக்கி இடங்கொடுத்தால் என்ன நிகழும் என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டைத் தரும், அவ்வளவே.

கடற்கரை நோக்கி இறங்கும் வெள்ளவத்தை ஒழுங்கைகளிலும் கொட்டாஞ்சேனையின் நெருங்கிய தெருக்களிலும் சிறுவர் மென்பந்து ஆடுகின்றனர். அவர்களுக்கு முகாமையாளர் நாமே. தந்தையர், அன்னையர், ஆசிரியர். பிள்ளை வீடு திரும்பியதும் “எத்தனை ஓட்டம்?” என்றும், “எத்தனை புள்ளி?” என்றும் கேட்கின்றோம். அக்கேள்வி தவறன்று. ஆனால், அதுவே முதற் கேள்வியாக இருத்தல் வேண்டுமா? அவனுக்கு ஏற்ற இடம் எதுவெனக் கண்டோமா, விழுந்தால் எழலாம் என்னும் துணிவைத் தந்தோமா, பிறர் பழித்த நாளில் அருகே நின்றோமா என்று முதலில் நம்மை நாமே வினவுவோம். அதன்பின் அவன் வெல்லலாம், தோற்கலாம். களத்தில் இறங்க வேண்டியவன் அவன். இறங்குவதற்கு அவனைத் தகுதியாக்க வேண்டியவர் நாம்.