பணம் கொடுப்பவர் யார், படிப்பவர் யார்?

(எங்கள் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

"இந்தியக் கல்வியில் தொழில் முனைவோரும் தொழில்நுட்பமும்" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். தலைப்பு பெரிது, கொடுத்த நேரம் பதினைந்து நிமிஷம். ஆகவே ஒரே கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். படிப்புக்கென்று ஒரு புதிய சாதனம் வரும்போது அதற்குப் பணம் கொடுப்பவர் யார், அதை வைத்துப் படிப்பவர் யார்?

முதலில் பணம் கொடுத்தது சர்க்கார். 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளை இரவல் வாங்கி, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு நேரடியாக டெலிவிஷன் காட்டினார்கள். 'சைட்' என்று அதற்குப் பெயர். விக்ரம் சாராபாயின் கனவு அது. 1969-ல் ஒப்பந்தமாகியும், 1971-ல் காலமான அவருக்கு அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

அப்போது நான் ராய்ப்பூர் பக்கம் உத்தியோகத்தில் சேர்ந்த புதிது. கோழிவலைக் கம்பியால் செய்த பத்தடி ஆன்டெனாவைப் பார்த்துவிட்டு, பௌதிகம் படித்த நானே இதில் படம் வருமா என்று நினைத்தேன். வந்தது! காலையில் குழந்தைகளுக்கு 22½ நிமிஷம் நிகழ்ச்சி. பெட்டியை அணைத்தபின் "என்னடா பார்த்தாய்?" என்று வாத்தியார் கேட்ட ஊரில் பிள்ளைகள் பதில் சொன்னார்கள். கேட்காத ஊரில் அது வெறும் வேடிக்கைதான். அந்த வருஷத்தில் ஏறத்தாழ 50,000 ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களுக்கும் டெலிவிஷனை வைத்தே விஞ்ஞானப் பயிற்சி கொடுத்தார்கள். செயற்கைக்கோளைவிட அதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

இனி தொழில் முனைவோர். கேரளத்தைச் சேர்ந்த பைஜு ரவீந்திரன் நல்ல கணக்கு வாத்தியார். அரங்கம் நிறைய மாணவர்களை வைத்துப் பாடம் நடத்தியவர். 2011-ல் கம்பெனி, 2015-ல் செயலி, 2022-ல் 2,200 கோடி டாலர் மதிப்பு. 2024 ஜூலையில், கிரிக்கெட் வாரியத்துக்குத் தரவேண்டிய சுமார் 158 கோடி ரூபாய்க்காக திவால் நடவடிக்கை! வாத்தியார் கெட்டிக்காரர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்நிய முதலீடு கோடிகோடியாக உள்ளே வந்தால், வருஷா வருஷம் விற்பனை இரட்டிப்பாக வேண்டும். குழந்தையின் மூளை அந்த வேகத்தில் வளராதே!

இந்தத் தொழிலில் பணம் கொடுப்பவர் பெற்றோர். பல வீடுகளில் பென்ஷன் வாங்கும் தாத்தா. படிப்பதோ குழந்தை. சோப்பு நன்றாக இல்லாவிட்டால் அடுத்த மாதம் வேறு வாங்குகிறோம். பாடம் மனதில் ஏறவில்லை என்பது தெரிய ஒரு வருஷம் ஆகும். அதற்குள் பன்னிரண்டு தவணை போயிருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், விற்க வந்த பையன் குழந்தைக்கு ஒரு பரீட்சை வைத்து, "கணக்கில் ரொம்ப வீக்" என்று சொல்லி, அன்றே கடன் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிப் போனான். எந்த நிறுவனம் என்பது வேண்டாம்.

2021 டிசம்பரில் மத்திய கல்வி அமைச்சகமே பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் வசதியைத் தவிர்க்கவும், தெரியாமல் கடனில் மாட்டிக்கொள்ள வேண்டாம் என்று அதில் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் படித்தோம்?

தொழில்நுட்பமே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் 2003-ல் தொடங்கிய என்.பி.டெல். பாடங்களை யாரும் இலவசமாகப் பார்க்கலாம்; சர்டிபிகேட் பரீட்சைக்கு மட்டும்தான் கட்டணம். சின்னக் குழந்தைகளுக்கு 2017-ல் வந்த 'தீக்ஷா' இருக்கிறது. என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தில் கட்டம் கட்டமாக அச்சிட்டிருக்கும் க்யூ.ஆர். குறியீட்டை மொபைலில் காட்டினால் பாடம் தொடர்பான விஷயங்கள் வரும். வீட்டுக்கு வந்து விற்க ஆளில்லாததால் இதெல்லாம் நமக்குத் தெரிவதில்லை.

குறைவது, பக்கத்தில் உட்கார்ந்து "என்ன புரிந்தது?" என்று கேட்கும் ஆள். நம் சங்கத்தில் ரிடையர் ஆன இன்ஜினீயர்களுக்கும் ஆசிரியைகளுக்கும் பஞ்சமில்லை. கிளை அறை ஞாயிறு காலை ஒன்பது முதல் பதினொன்று வரை காலியாகத்தான் இருக்கிறது. செயற்குழு சம்மதித்தால் என் பழைய லாப்டாப்பைக் கொண்டுவருகிறேன், எட்டாம் வகுப்பு சயன்ஸ் நான் பார்த்துக்கொள்கிறேன். கணக்குக்கு இரண்டு பேர் வேண்டும். எந்த சமூகத்துக் குழந்தையானாலும் வரலாம், கட்டணம் கிடையாது. கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.