தாய்மண்ணுக்குத் திரும்புவது குற்றமாகுமா?

(யாழ்ப்பாணத்தில் விவசாயிகளும் உத்தியோகத்தர்களும் கூடிய பொதுக்கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



2019 ஒக்ரோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. 2023 ஒக்ரோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் மீண்டும் ஓடியது. வழி திறந்தது கண்டு நாம் மகிழ்ந்தோம். ஆனால், வழியின் முடிவிலே குடிவரவு அதிகாரியின் மேசை ஒன்று இருக்கின்றது. அம்மேசையின் முன்னே எம்மவர் எவ்விதம் நடத்தப்படுகின்றனர் என்பதைப் பற்றியே இன்று பேச விழைகின்றோம்.

2025 மே மாத இறுதியில், தமிழ்நாட்டில் அகதியாக வாழ்ந்த முதியவர் ஒருவர் தாயகம் திரும்பினார். வயது எழுபதைக் கடந்தவர். அவர் களவாக வரவில்லை. ஐக்கிய நாடுகள் அகதிகளுக்கான உயர் ஆணையரகத்தின் உதவியோடு, உரிய பயணப் பத்திரத்துடன் பலாலியில் வந்திறங்கினார். அங்கேயே அவர் கைது செய்யப்பட்டு நீதவான் முன் நிறுத்தப்பட்டார். அவர் செய்த குற்றம் யாது? போர்க்காலத்தில், அனுமதிக்கப்பட்ட துறைமுகமல்லாத ஓரிடத்திலிருந்து நாட்டைவிட்டு வெளியேறினார் என்பதே!

உயிரைக் காக்க ஓடியவன் எந்தத் துறைமுகத்தைத் தேடிப் போவான்? தலைமன்னார்க் கப்பல் 1980களிலேயே நின்றுவிட்டது. கடவுச்சீட்டு எடுக்கக் கொழும்புக்குப் போகும் வழியெல்லாம் சோதனைச் சாவடிகள். வீட்டின்மீது குண்டு விழும்போது, குடியகல்வு அதிகாரியின் முத்திரைக்காகக் காத்து நின்றிருக்க வேண்டும் என்று சொல்கின்றதா இச்சட்டம்?

இச்சட்டத்தின் பிறப்பை நாம் மறக்கலாகாது. 1948 ஆம் ஆண்டு, சுதந்திரம் வந்த கையோடு, இரண்டு சட்டங்கள் வந்தன. 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கிற்று. 20 ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டம் கடலுக்கு வேலியிட்டது. அதற்கு முன்னர் வல்வெட்டித்துறை வள்ளங்கள் வேதாரணியத்துக்கும் நாகபட்டினத்துக்கும் வணிகஞ் செய்யப் போய்வந்தன. கோயில் திருவிழாவுக்குப் போனவர்களும் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்களும் பலர். வேலி எழுந்த பின்னர், அதே கடலில் வந்தவனுக்குக் “கள்ளத்தோணி” என்ற வசைப்பெயர் சூட்டப்பட்டது. 1964 ஒக்ரோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் மனிதரை எண்ணிக்கையாக வைத்துப் பங்கு பிரித்தது. தமிழன் கடலைக் கடந்தால் ஐயத்துக்குரியவன் என்ற அந்தக் கண்ணோட்டமே இன்றும் அம்மேசையில் அமர்ந்திருக்கின்றது.

“சட்டம் எல்லார்க்கும் பொதுவன்றோ? அதிகாரி தம் கடமையைத்தானே செய்தார்?” என்று கேட்பாருளர். அதிகாரியை நாம் பகைக்கவில்லை. கணினியில் பெயர் தோன்றினால் அவர் மறிக்கின்றார்; சட்டம் அவர் கையில் கொடுத்ததை அவர் செய்கின்றார். ஆகவேதான் சட்டத்தைத் திருத்துக என்கின்றோம். பணம் வாங்கிக்கொண்டு ஏழை இளைஞரைப் படகேற்றி நடுக்கடலில் விடும் ஆட்கடத்தற்காரரைத் தண்டிக்கட்டும். அதற்கு நாம் குறுக்கே நிற்கமாட்டோம். ஆனால், கடத்தியவனையும் உயிர் தப்பியவனையும் ஒரே தராசில் வைப்பது நீதியாகாது.

எம் அரசியலமைப்பின் 14(1) ஆம் உறுப்புரை, ஒவ்வொரு பிரசைக்கும் இலங்கைக்குத் திரும்பிவரும் சுதந்திரத்தை வெளிப்படையாகவே வழங்குகின்றது. 1980 இல் இந்நாடு ஏற்றுக்கொண்ட குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையும் அதனையே கூறுகின்றது. அப்படியாயின் நீதிமன்றம் சென்று இப்பழைய சட்டத்தைச் செல்லாததாக்கலாமே என்று நீங்கள் வினவலாம். அங்கேதான் முடிச்சு இருக்கின்றது. அதே அரசியலமைப்பின் 16 ஆம் உறுப்புரை, 1978 இற்கு முந்திய சட்டங்கள் அடிப்படை உரிமைக்கு முரணாயினும் செல்லுபடியாகும் என்கின்றது. அதிகாரியின் செயலை உயர் நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தவோ பாராளுமன்றம் வேண்டும். எனவே இது வழக்கறிஞர் மன்றத்தோடு முடியும் காரியமன்று. மக்கள் மன்றத்தின் காரியம்.

கண்டனம் எழுந்ததும், இந்நிலை மாற்றப்படும் என்று அரசாங்கத் தரப்பிலிருந்து சொல்லப்பட்டது. நன்று. ஆனால், அமைச்சரின் சொல் அமைச்சரோடு போகும்; சட்டப்புத்தகத்தில் எழுதியதே நிற்கும். அயலில் நடந்ததைப் பாருங்கள். அகதிகள் பற்றிய 1951 ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிடவில்லை. இலங்கைத் தமிழ் அகதிகளுக்குப் பிரசாவுரிமையும் அது வழங்கவில்லை. அந்தக் குறை இருக்கவே இருக்கின்றது. ஆயினும், 2025 செப்டெம்பரில், 2015 சனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டு, விசா விதிகளிலிருந்து விலக்களித்து ஆணை பிறப்பித்தது. ஒரு திகதியைக் குறித்து, ஒரு வகையினரைக் குறித்து, விலக்கு எழுதுவது இயலாத காரியமன்று. அந்நிய நாடு மன்னித்த பயணத்தைச் சொந்த நாடு மன்னிக்கலாகாதா?

தமிழ்நாட்டு முகாம்களில் ஏறத்தாழ ஐம்பத்தெண்ணாயிரம் பேர் வாழ்வதாக அண்மைக்காலக் கணக்குகள் கூறின. அவர்களுட் பலர் அங்கேயே பிறந்தவர்கள். வெளிநாட்டில் பிறந்த பிள்ளை, பிறப்பைப் பதிவு செய்தாலன்றி இலங்கைப் பிரசையாகாது என்பது எம் பிரசாவுரிமைச் சட்டத்தின் விதி. பதியத் தவறினால், தந்தை பிறந்த ஊருக்கே பிள்ளை விசா எடுத்து வரவேண்டும். நாள் முடிந்ததும் வெளியேற வேண்டும். இதனிலும் கொடுமை வேறுண்டோ? உங்கள் உறவினர் அங்கிருந்தால் இன்றே எழுதுங்கள்: சென்னையிலுள்ள துணை உயர் ஸ்தானிகராலயத்தில் பிள்ளைகளின் பிறப்பைப் பதியச் சொல்லுங்கள். ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இப்பணியில் நெடுங்காலம் உழைத்துள்ளது. அதன் துணையை நாடச் சொல்லுங்கள்.

விவசாயப் பெருமக்களே, இது உங்கள் காணிக் கேள்வியுமாகும். 1871 ஆம் ஆண்டு ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, உங்கள் காணியைப் பிறனொருவன் பத்தாண்டு தடையின்றி எதிராக ஆண்டால், அவன் உரிமை கோரலாம். போரால் இடம்பெயர்ந்தோருக்காக 2016 இல் ஒரு சிறப்புச் சட்டம் வந்தது. ஆனால் அதன்கீழ் வழக்கிட இரண்டாண்டே தவணை. கைதுக்கு அஞ்சி முகாமில் முடங்கும் ஒவ்வோராண்டும், உறுதி கையிலிருக்கக் காணி கைமாறும் ஆண்டாகின்றது.

இறுதியாக, அம்மேசையின் முன் நிற்போர் நினைவில் வைக்கவேண்டியவை சில. அச்சமும் வேண்டாம், ஆத்திரமும் வேண்டாம். பொய்யுரைத்தல் ஒருபோதும் வேண்டாம். அகதிப் பதிவு, பிறப்புச் சான்று, பழைய அடையாள அட்டை ஆகியவற்றின் பிரதிகளை உறவினரிடமும் கொடுத்து வையுங்கள். மறித்தால், எந்தச் சட்டத்தின் கீழ் என்று பணிவாகக் கேளுங்கள். விளங்காத மொழியில் எழுதியதில் கையொப்பமிடாதீர்கள். தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழியே. அடிப்படை உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துள் உயர் நீதிமன்றத்தை நாட வேண்டும். அந்த ஒரு மாதத்துள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அதன் விசாரணைக்காலம் அத்தவணையில் சேராது. விசா விவகாரத்தில் உயர் நீதிமன்றக் கட்டளையை மதிக்காத குற்றச்சாட்டில், 2024 செப்டெம்பரில் அத்திணைக்களத்தின் தலைவரே விளக்கமறியலில் வைக்கப்பட்டார். மேசைக்கு மேலேயும் ஒரு மன்றம் உண்டு.

நாம் சலுகை கேட்கவில்லை. போர்க்காலத்தில் உயிர்தப்ப வெளியேறியோர்மீது வழக்கில்லை என்று ஒரு திருத்தம். முகாமில் பிறந்த பிள்ளைகளின் பதிவைத் தண்டமின்றி ஏற்கும் ஒரு விதி: இவ்விரண்டையே கேட்கின்றோம். கட்சி வேற்றுமை பாராமல் எம் பாராளுமன்ற உறுப்பினர் அனைவரும் இதனை முன்வைக்க வேண்டும். அவர்கள் முன்வைக்கும்வரை, ஊர்தோறும் சங்கந்தோறும் தீர்மானம் நிறைவேற்றி அவர்களுக்கு அனுப்புவோமாக.