ஒன்ஸ்மோருக்கு மார்க் உண்டா?



வருஷாவருஷம் ஜூன் மாதம் நியூயார்க்கில் டோனி விருது கொடுக்கிறார்கள். 1947இலிருந்து நடக்கிற விழா. இசை நாடகத்துக்குத் தனிப் பட்டியல், வசன நாடகத்துக்குத் தனிப் பட்டியல். பரிந்துரையில் பெயர் வந்தாலே அரங்க வாசலில் பெரிய எழுத்தில் எழுதி வைத்துவிடுவார்களாம். அதையெல்லாம் கைபேசியில் பார்த்து வாய் பிளக்கிறோம். நம் வாசலுக்குப் பக்கத்திலேயே அதே மாதிரி ஒரு பந்தயம் நடப்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

நந்தி விருது என்றால் உடனே சினிமா ஞாபகம்தான் வரும். லேபாக்ஷியில் ஒரே கல்லில் செதுக்கிய பெரிய நந்தி படுத்திருக்கிறதே, அதன் பெயரில் ஆந்திர அரசு தருகிற விருது. அதில் மேடை நாடகத்துக்கும் பங்கு உண்டு. பத்ய நாடகம், சமூக நாடகம், சமூக நாடிகை என்கிற குறுநாடகம், குழந்தைகள் நாடிகை, கல்லூரி மாணவர் நாடிகை என்று ஐந்து பிரிவுகள். குழுக்கள் விண்ணப்பிக்கும், நடுவர்கள் ஸ்க்ரூட்டினி செய்வார்கள், தேறினவை மட்டும் இறுதிப் போட்டிக்கு மேடையேறும். சில வருஷ இடைவெளிக்குப் பிறகு 2023 டிசம்பர் கடைசியில் குண்டூரில் ஒரு வாரம் இந்த விழா நடந்தது. அந்த சீசனைத் திரும்பிப் பார்த்துப் பேசுங்கள் என்று என்னை அழைத்திருக்கிறார்கள்.

நியாயமாகப் பார்த்தால் ஐந்து பிரிவுக்கும் சமமாக நேரம் ஒதுக்க வேண்டும். ஆனால் நான் ஹார்மோனியம் வாசிக்கிற ஆள். ஹைதராபாத் தார்நாகாவில் வீட்டு முன்னறையிலேயே பழைய பெட்டிகளைப் பழுதுபார்த்து, சுருதி சேர்த்தும் கொடுக்கிறேன். இந்தக் கையை வைத்துக்கொண்டு பத்ய நாடகத்தை விட்டு வேறு எங்கே போவேன்? நேயர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பத்ய நாடகத்தை நேரில் பார்க்காதவர்களுக்காக இரண்டு வார்த்தை. பாத்திரங்கள் வசனமும் பேசுவார்கள். ஆனால் உச்சமான இடம் வந்தால் தாளம் இல்லாமல், நம் ஊர் விருத்தம் போல, ஒரு செய்யுளை ராகத்தில் நிறுத்திப் பாடுவார்கள். நாலு அடிச் செய்யுள்தான். வல்லவர் வாயில் அது பத்து நிமிஷம் போகும். திருப்பதி வேங்கட கவுலு என்ற இரட்டைப் புலவர்கள் எழுதிய பாண்டவ நாடகங்களில் கிருஷ்ணன் தூது போகிற கட்டம் இருக்கிறது, ‘கிருஷ்ண ராயபாரம்’ என்பார்கள். பள்ளிக்கூடப் படியே ஏறாத விவசாயிகூட அந்தப் பத்யங்களைத் தலைகீழாகச் சொல்வார். நடிகர் ஒரு சொல்லை மாற்றிப் பாடிவிட்டால் நாலாவது வரிசையிலிருந்து திருத்தம் வரும்.

கான்ட்ராக்ட் நாடகம் என்று ஒன்று உண்டு. விடிய விடிய நடக்கும். அதில் ஒரே இரவில் இரண்டு மூன்று கிருஷ்ணர்கள் வருவார்கள். முதல் காட்சிக்கு ஒருவர், தூதுக்கு வேறொருவர், போர்க்களத்துக்கு இன்னொருவர். ஜனங்களுக்கு அதில் ஒரு குழப்பமும் கிடையாது. யார் கிருஷ்ணன் என்பதா முக்கியம்? யார் எந்த ராகத்தை எடுக்கிறார் என்றுதான் காத்திருப்பார்கள்.

இதில் ஹார்மோனியக்காரருக்கு என்ன வேலை? பாடகர் மூச்சு வாங்குகிற இடத்தை நிரப்ப வேண்டும். அவர் அடுத்து எங்கே போகப்போகிறார் என்று ஒரு ஸ்வரம் முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். மறந்துபோனால் முதல் எழுத்தை எடுத்துக் கொடுக்க வேண்டும். அதற்கெல்லாம் முதலில் பெட்டி ஒழுங்காக இருக்க வேண்டும். விழா நெருங்கும்போது என் முன்னறையில் பெட்டிகள் வரிசையாக உட்கார்ந்துவிடும். மூடியைக் கழற்றினால் உள்ளே பித்தளை ரீடுகள், சின்னச் சின்ன நாக்குகளாக. சுருதி இறங்கிய ரீடு என்றால் நாக்கின் நுனியில் லேசாகச் சுரண்ட வேண்டும். நுனி எடை குறைந்தால் சுருதி ஏறும். ஏறிப்போன ரீடு என்றால் அடிப்பக்கம் சுரண்ட வேண்டும். அங்கே மெலிந்தால் சுருதி இறங்கும். முடி அளவுக்கு மேல் போனால் ரீடே வீண். ஒரு பெட்டியில் மத்திமம் மட்டும் வேலை செய்யாமல் இருந்தது. திறந்து பார்த்தால் உள்ளே ஜிகினாத் தூள். எந்த மகாராஜாவின் கிரீடத்திலிருந்து உதிர்ந்ததோ!

இன்னொரு ரகசியமும் சொல்லிவிடுகிறேன். ஒரு பரிஷத் போட்டி. இங்கே நாடகப் போட்டி நடத்துகிற அமைப்புகளைப் பரிஷத் என்றுதான் சொல்வது. பலிஜேபல்லி லக்ஷ்மீகாந்தம் எழுதிய ‘சத்ய ஹரிச்சந்திரா’. ஹரிச்சந்திரன் வேஷம் கட்டியவர் எழுபது தாண்டிய பெரியவர். மார்கழிப் பனி, திறந்தவெளி மேடை. மேக்கப் அறையில் என்னிடம் வந்து, “மாஸ்டர் காரு, இன்றைக்குத் தொண்டை என் பேச்சைக் கேட்காது. மயானத்தில் நான் கோலைத் தரையில் இரண்டு தடவை தட்டினால் அரைக் கட்டை இறக்கிவிடுங்கள்” என்றார். என் பெட்டி ஸ்கேல் சேஞ்சர். கட்டை வரிசையை அப்படியே நகர்த்தி வைக்கலாம், விரல் பழக்கம் மாறாது. மயானக் காட்சி வந்தது. முதல் பத்யம் முடிந்ததும் கோல் இரண்டு தடவை தட்டியது. வெட்டியானின் கோபம் என்று ஜனங்கள் நினைத்தார்கள். இறக்கினேன். அடுத்த பத்யம் முடிந்து மறுபடியும் தட்டினார். மறுபடியும் இறக்கினேன். ஒரு முழுக் கட்டை கீழே வந்துவிட்டோம், கைதட்டல் மட்டும் இறங்கவில்லை. மறுநாள் நடுவர் ஒருவர், அந்தக் கோல் தட்டிய நடிப்பு பிரமாதம் என்றார். நானும் ஆமாம் ஆமாம் என்றேன்.

அந்த மயானக் காட்சியைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அதில் பாடுகிற மிகப் பிரபலமான செய்யுள்கள் மூல நாடகத்தில் இருந்தவை அல்ல. குர்ரம் ஜாஷுவா என்ற கவிஞருடையவை. 1895இல் குண்டூர்ப் பக்கம் வினுகொண்டாவில் தலித் குடும்பத்தில் பிறந்தவர். சாதியின் பெயரால் பட்ட அவமானங்களைக் கவிதையாகவே எழுதி வைத்தவர். சுடுகாட்டைப் பற்றிய அவருடைய செய்யுள்கள் இல்லாமல் இன்றைக்கு எந்த ஹரிச்சந்திரனும் மயானத்துக்குப் போவதில்லை. ராஜா, புலவன், பிச்சைக்காரன் எல்லோரும் ஒரே மண் என்பதை அவர் சொல்லில் கேட்டால்தான் ஜனங்களுக்கு நிறைவு. அவரைப் பக்கத்தில் உட்கார வைக்கத் தயங்கிய ஊர்கள், அவருடைய பத்யத்துக்கு ஒன்ஸ்மோர் கேட்டன.

ஒன்ஸ்மோர் என்றேன் அல்லவா, அதுதான் இன்றைக்கு நான் பேச வந்த விஷயம். பத்ய நாடகத்தில் ரசிகனின் உரிமை அது. பாடல் பிடித்தால் கூவுவான், நடிகர் மறுபடி பாடியே ஆக வேண்டும். இரண்டாம் தடவை பாடுவது முதல் தடவையின் நகல் அல்ல. ராகத்தில் புது வழி தேடுவார், நானும் பின்னால் ஓடுவேன். ஆனால் போட்டி என்று வந்துவிட்டால் கடிகாரம் வந்துவிடுகிறது. குறித்த நேரத்துக்குள் திரை விழவேண்டும். நடிப்பு, இசை, ஒப்பனை, அரங்க அமைப்பு எல்லாவற்றுக்கும் மார்க் உண்டு. ஒன்ஸ்மோருக்கு?

ஒரு போட்டியில் ராயபாரக் கட்டம். கிருஷ்ணர் கல்யாணியில் ஒரு பத்யத்தை முடித்த உடனே அரங்கம் முழுக்க ஒன்ஸ்மோர். அவர் என்னைப் பார்த்தார். நான் சுருதியைப் பிடித்தபடி பக்கவாட்டில் பார்த்தேன். திரைக்குப் பின்னால் எங்கள் குழு மேனேஜர் கையிலிருந்த வாட்சைத் தட்டிக் காட்டினார். கிருஷ்ணர் ஜனங்களைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு அடுத்த வசனத்துக்குப் போய்விட்டார். நாடகம் முடிந்து கிரீடத்தைக் கழற்றி, பாதி முகத்தில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது, தோளில் துண்டு போட்ட ஒரு பெரியவர் மேக்கப் அறைக்குள்ளேயே வந்துவிட்டார். “பாபு, அந்தப் பத்யம் பாக்கி இருக்கிறது” என்றார். கடன் கேட்க வந்தவர் மாதிரிதான் கேட்டார். பூட்டின பெட்டியை நான் திறந்தேன். ஒரு பாதி கிருஷ்ணர் நீலம், மறுபாதி எண்ணெய் வழிகிற வெறும் முகம். அப்படியே நின்று பாடினார். மேடையில் பாடியதைவிட நன்றாகவே பாடினார். கேட்டவர்கள் நாங்கள் ஏழெட்டுப் பேர், பிறகு தேநீர் கொண்டுவந்த பையன்.

நேயர்களே, இந்தப் பெட்டியைப் பற்றி வானொலியில் பேசுவதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம். ஏன் தெரியுமா? 1940இல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்துக்குத் தடை போட்டது. ரீடுகள் நிலையான சுருதியில் இருப்பதால் கமகம் வராது, நம் சங்கீதத்துக்கு ஒவ்வாது என்பது வாதம். தாகூருக்கும் இது பிடிக்காத வாத்தியம். முப்பது வருஷம் போய், 1971இல்தான் தடை கொஞ்சம் தளர்ந்தது. கமகம் முழுசாக வராது என்பது உண்மைதான். அதனால்தான் பாடகர் வளைக்கிற இடத்தில் நாங்கள் விரலை எடுத்துவிட்டு, அவர் இறங்குகிற இடத்தில் போய்ப் பிடிக்கிறோம். வாசிக்காமல் இருக்கத் தெரிவதும் வாசிப்புதானே?

‘இதெல்லாம் தெலுங்குக்காரர் சமாசாரம், தமிழ்க்காரருக்கு என்ன?’ என்று ரேடியோவை அணைக்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நம் நாடகாசிரியர் பம்மல் சம்பந்த முதலியாருக்கு நாடக ஆசையே பெல்லாரியிலிருந்து சென்னைக்கு வந்த ஒரு தெலுங்குக் குழுவைப் பார்த்த பிறகுதான் பிடித்தது. அந்த வருஷமே, 1891இல், அவருடைய சுகுண விலாச சபை பிறந்தது. பத்ய நாடகம் போலவே சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களும் பாட்டில் நடந்தவை. நாடக நடிகர் கிட்டப்பா பாடும்போது அவருடைய உடன்பிறந்த காசி ஐயர்தான் ஹார்மோனியம். இன்றும் மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகத்தில் ஹார்மோனியக்காரர் பின்பாட்டும் பாடுவார். குண்டூர் மேடையில் உட்கார்ந்தால் எனக்கு வேற்றூர் என்ற எண்ணமே வருவதில்லை.

சுரபி நாடகத்தைச் சொல்லாமல் போனால் ஹைதராபாத்தில் என்னைத் தெருவில் நடக்க விடமாட்டார்கள். 1885இல் கடப்பா மாவட்டத்து சுரபி கிராமத்தில் வனாரச கோவிந்த ராவ் ஒரு கல்யாணத்தில் ‘கீசக வதம்’ போட்டார், அங்கிருந்து தொடங்கியது. மராத்தி பேசுகிற தோல்பாவைக் கூத்துக் குடும்பங்கள் அவை. நம் ஊர்த் தோல்பாவைக் கலைஞர்களும் வீட்டில் மராத்தி பேசுகிறவர்கள்தான், கவனித்திருப்பீர்கள். பொம்மையை ஆட்டின கைகள் பிறகு மனிதர்களையே கயிற்றில் பறக்கவிட்டன. ‘மாயாபஜாரில்’ கடோத்கஜன் உட்கார்ந்த இடத்திலிருந்து வாயைத் திறந்தால் லட்டுகள் தாமாகவே கிளம்பிப் போகும். குழந்தைகள் எழுந்து நின்றுவிடுவார்கள். நவாப் ராஜமாணிக்கத்தின் தந்திரக் காட்சிகளையும், ஆர்.எஸ். மனோகரின் ‘இலங்கேஸ்வரனை’யும் பார்த்த தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால் கூட்டிப் போங்கள், கண் கலங்குவார்கள். மேடைக்குப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் இன்னும் வேடிக்கை. இப்போதுதான் தோழி வேஷத்தில் ஆடிவிட்டு வந்த பெண், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கயிறு பிடிக்க நிற்பாள். நாடகத்தில் பெண் வேஷத்தைப் பெண்ணே கட்டுவது என்பதை அந்தக் காலத்திலேயே வழக்கமாக்கியவர்கள் சுரபிக்காரர்கள். முதல் தெலுங்குப் பேசும்படமான ‘பக்த பிரகலாதா’வின் கதாநாயகி சுரபி கமலாபாய். பின்னாளில் நாடக இயக்குநர் பி.வி. காரந்த் வந்து இதே கலைஞர்களை வைத்துப் பிரெக்ட் நாடகத்தை ‘பஸ்தி தேவதா யாதம்மா’ என்று போட வைத்தார். ‘சுரபி பாப்ஜி’ என்று எல்லோரும் கூப்பிட்ட நாகேஸ்வர ராவுக்கு 2013இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2022இல் மறைந்தார். குழுவின் திரை இன்னும் இறங்கவில்லை.

அய்யோ, கடைசித் தாளுக்கு வந்துவிட்டேன். சமூக நாடகங்களைப் பற்றி ஒரு வரிகூடப் பேசவில்லை. நன்றாகத்தான் இருக்கின்றன. அளவான செட்டு, துல்லியமான வசனம், ஒரு மணி நேரத்துக்குள் ஒரு குடும்பத்தையே கண்முன் நிறுத்தும் குறுநாடகங்கள். கல்லூரிப் பிள்ளைகள் பிரிவும் குழந்தைகள் பிரிவும் இருப்பதுதான் எனக்குப் பெரிய ஆறுதல். ஆனால் அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் பத்ய நாடகத்துக்கு வருவார்கள்? வந்தால் யாரிடம் கற்பார்கள்? இதை விழாக்காரர்கள்தான் யோசிக்க வேண்டும். என்னைக் கேட்டால், ஒரு சின்ன விதி போதும்: பத்ய நாடகத்துக்கு ஒரே ஒரு ஒன்ஸ்மோர், அந்த நேரம் கணக்கில் சேராது. நடுவர் ஐயா அம்மாக்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் மனசில் வையுங்கள்.

நீங்களும் ஒரு காரியம் செய்யுங்கள். ரவீந்திர பாரதியில் பத்ய நாடகம் என்று போஸ்டர் பார்த்தால், தார்நாகாவில் மெட்ரோ ஏறி, அமீர்பேட்டையில் மாறி, அசெம்பிளி ஸ்டேஷனில் இறங்கிப் போய் உட்காருங்கள். தெலுங்கு புரியாவிட்டாலும் பரவாயில்லை, ராகம் புரியும். பிடித்தால் வெட்கப்படாமல் கத்துங்கள். நாங்கள் பெட்டியைப் பூட்டாமல்தான் வைத்திருப்போம். அடுத்த சீசனில் அந்தச் சத்தம் மேடைவரை கேட்கட்டும்.